டப்பாவின் பின்பக்கத்தில் இருந்த 70 மி.கி.: மக்னீசியம் கிளைசினேட் மாத்திரை, மூன்று மாத அனுபவம்

60 மாத்திரை கொண்ட டப்பா, விலை 600 ரூபாய். நான்கு டப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு எழுதுகிறேன். மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். டப்பாவில் அச்சடித்திருக்கும் விதத்துக்கு ஒன்றுகூடத் தரமாட்டேன்.

முதலில் இந்த மாத்திரை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நெஞ்செரிச்சலுக்காக, கேஸ் மாத்திரை என்று எல்லோரும் சொல்கிற ஒமிபிரசோலை ஏழு வருடம் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவந்தேன். சென்ற ஆண்டு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. இரவில் கெண்டைக்கால் குரக்களி பிடித்து எழுப்பியது. ரத்தத்தில் கால்சியம் 6.4, குறைந்தது 8.5 இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் தவறாமல் சாப்பிட்டேன். மறுபடி பார்த்தபோது 6.5.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் என் மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, அப்படியே மூன்று நிமிடம் விட்டுவைத்தார். விபூதி எடுக்கப்போவது போல என் விரல்கள் தாமாகவே குவிந்து மடங்கின. பிரிக்க முயன்றேன், முடியவில்லை. அதைப் பார்த்ததுமே மக்னீசியம் பார்க்க எழுதிக் கொடுத்தார். 1.7க்கு மேல் இருக்க வேண்டியது 0.7 இருந்தது. பாராத்தார்மோனும் குறைவு.

அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பாராத்தார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கவும், சிறுநீரில் வீணாகாமல் காக்கவும் செய்யும். ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த படம் அது. கால்சியம் 6.4க்கு இறங்கியிருக்கும்போது அந்தச் சுரப்பிகள் அலறியிருக்க வேண்டும். என் உடம்பில் அவை வாய் திறக்கவில்லை. சுரக்கும் வேலைக்கே மக்னீசியம் வேண்டும்; அது மிகவும் குறைந்துவிட்டால் ஹார்மோன் வெளியே வராது, வந்த கொஞ்சத்துக்கும் எலும்பு சரியாகக் கட்டுப்படாது. அந்த நிலையில் எவ்வளவு கால்சியம் விழுங்கினாலும் நிற்காது. போதாததற்கு எனக்குக் கொடுத்தது கார்பனேட் வகை. அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் நான் தினமும் அடக்கிக்கொண்டிருந்தேன்.

கால்சியம் குறைந்தால் சுரப்பதில் இந்தப் பாராதைராய்டு ஒரு விதிவிலக்கு. மற்றப் பெரும்பாலான சுரப்பிகளில் கால்சியம் உள்ளே புகுந்தால்தான் ஹார்மோன் வெளியே வரும். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லுக்குள்ளே மிதக்கிறது. கல்லணையில் மதகுக்கு அந்தப்பக்கம் தண்ணீர் காத்து நிற்பது போல. கணையத்தின் பீட்டா செல்லுக்குள் சர்க்கரை போனதும் மதகு திறந்து கால்சியம் பாய்கிறது, இன்சுலின் பைகள் உடைந்து கொட்டுகின்றன. அந்த மதகை வெளியிலிருந்து அடக்கிவைக்கும் ஆட்களில் ஒன்று மக்னீசியம். செல்லின் எரிபொருளான ஏடிபிகூட மக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் பயன்படும். மாணவர்களுக்கு கால்சியத்தைப் பற்றி இரண்டு பாடவேளை பேசியிருக்கிறேன். மக்னீசியத்துக்குப் பச்சையத்தின் நடுவில் இருக்கிறது என்ற ஒரு வரியோடு சரி. அது எனக்கு இன்றும் வருத்தம்.

கேஸ் மாத்திரையை நிறுத்தி வேறு வகை மருந்துக்கு மாற்றினார்கள். மக்னீசியம் சல்பேட்டை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மக்னீசியம் ஏறிய சில நிமிடங்களிலேயே பாராத்தார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும், கால்சியம் தேறத்தான் சில நாள் ஆகும் என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் 8.1. ஒமிபிரசோல் வகை மருந்துகளை நெடுநாள் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சிலேயே எச்சரித்திருக்கிறது. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் போதாமல், அந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது.

இனி டப்பாவுக்கு வருகிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது நாளொன்றுக்கு 200 மி.கி. மக்னீசியம் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 500 மி.கி. என்று இருந்தது. தாராளமாகப் போதும் என்று தினம் ஒன்று போட்டேன். பன்னிரண்டாம் நாள் மருத்துவர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், மூக்குக்கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், தனிம மக்னீசியம் 70 மி.கி. மீதி எடையெல்லாம் அதோடு சேர்ந்திருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம். ஆக, எனக்கு நாளைக்கு மூன்று வேண்டும். 60 மாத்திரை இரண்டு மாதம் வராது, இருபது நாள்தான். நாளைக்கு 30 ரூபாய். பொய் அச்சடிக்கவில்லைதான். ஆனால் குறைபாடு உள்ள ஒருவர் பன்னிரண்டு நாள் மூன்றில் ஒரு பங்கு அளவு சாப்பிடும்படி அச்சடித்திருக்கிறார்கள். அந்த 70ஐ முன்பக்கம் போட என்ன செலவாகிவிடும்?

மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. நீளமாக இருந்தாலும் வழுவழுப்பு, தொண்டையில் நிற்பதில்லை. நாற்றமில்லை. இதற்கு முன்பு நான்கு நாள் மக்னீசியம் ஆக்சைடு சாப்பிட்டுப் பார்த்தேன். மிகவும் மலிவு, தனிம அளவும் ஒரு மாத்திரையில் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் குடலில் அவ்வளவாக ஏறாது; எனக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது, வயிற்றுப்போக்கானால் உடம்பில் இருக்கிற மக்னீசியமும் போகும். கிளைசினேட்டில் அந்தத் தொல்லை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று ஒன்றாக மூன்று வேளை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இதையும் டப்பாவில் காணோம்.

மூடி சரியாக இறுகவில்லை என்பது இன்னொரு குறை. ஐப்பசி மழையில் இரண்டாவது டப்பாவின் அடியில் கிடந்த மாத்திரைகள் நசநசத்துவிட்டன. எவர்சில்வர் சம்புடத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

போன வாரம் மக்னீசியம் 1.9, கால்சியம் 9.2. இனி வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். கால் இழுக்கிறது, எனக்கும் அதே டப்பா வாங்கிக் கொடுங்கள் அண்ணி என்று நாத்தனார் கேட்டாள். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மக்னீசியம் வெளியேறாமல் தேங்கி இதயத்துக்கே ஆபத்தாகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் மக்னீசியமும் பார்த்துவிட்டு வா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு நாளை வருகிறது.