மின்வாரிய வேலை என்று 1,85,000 ரூபாய் ஏமாற்றிவிட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம்தான் உறுதியானது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வந்த மின்வாரிய வேலை ஆணை போலி. 1,85,000 ரூபாய் போச்சு.

நாங்கள் மண்டபம் பக்கம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தம்பி ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். கமுதியில் 648 மெகாவாட் சோலார், வழுதூரில் கேஸ் மின்நிலையம் எல்லாம் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவனுக்குக் கிடைத்தது ஒப்பந்தக்காரரிடம் பேனல் துடைக்கும் தினக்கூலி. அந்த ஆதங்கத்தில்தான் ராமநாதபுரத்தில் வேலை வாங்கித் தருகிற ஒரு ஏஜென்சிக்குப் போனோம்.

அந்த ஆள் முதலில் பணப்பேச்சே எடுக்கவில்லை. "கம்பம் ஏறுவியா தம்பி?" என்று கேட்டு, பின்பக்கக் காலி இடத்தில் நட்டிருந்த கம்பத்தில் ஏறச் சொல்லி, வாட்சைப் பார்த்து நேரம் குறித்தார். 2019-ல் அறிவித்த கேங்மேன் வேலைக்கு வாரியமே கம்பம் ஏற வைத்துத்தான் ஆள் எடுத்தது. அதனால் இதுவும் நிஜம் என்று நினைத்துவிட்டோம். தம்பி இறங்கியதும் அவன் தோளைத் தட்டி, "அண்ணே, இவன் நம்ம பிள்ளை, நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பாவிடம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விழுந்தது அங்கேதான்.

மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் படகு கரையில். என் நகையை அடகு வைத்து 60,000 ஜிபேயில் போட்டோம், அதுவும் யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த எண்ணுக்கு. மீதி 1,25,000 கையில் கொடுத்தோம். ரசீது கேட்டேன். "ரசீது போட்டா மேல இருக்கவுகளுக்குச் சிக்கல் தங்கச்சி" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அப்புறம் இழுத்தடிப்பு. "சார் மெட்ராஸ் போயிருக்காக." "ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கு." "அடுத்த வாரம் கட்டாயம்." நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் அந்த ஆணையை அனுப்பினார். அதை மின்வாரிய அலுவலகத்தில் காட்டினோம். அங்கிருந்த பொறியாளர் பார்த்த உடனே சொன்னார்: 2024-லேயே மின்சாரக் கழகத்தைப் பிரித்துப் பெயர் மாறிவிட்டது, இதில் இன்னும் டான்ஜெட்கோ என்ற பழைய பெயரே இருக்கிறது. திரும்பி ஏஜென்சிக்குப் போனால் ஷட்டர் இறக்கியிருந்தது. போனில், "பணம் கொடுத்ததுக்கு என்ன ஆதாரம்? கோர்ட்டுக்குப் போங்க" என்று வைத்துவிட்டார். 1,85,000! அப்பாவின் எத்தனை ராத்திரிக் கடல் அது!

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். 2022 சட்டப்படி மின்வாரிய வேலைக்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுதான். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அதோடு தேர்வுக் கட்டணம், அவ்வளவுதான். தனி ஆள் எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், நாங்கள் தாமதித்துவிட்டோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபிஸில் மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி கம்பம் ஏறவிட்டு யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் அன்றைக்கு அங்கே வாருங்கள்.