ரேடான் சோதனை: கரி டப்பாவா, தடச்சில்லா, மின்னணு மீட்டரா?

ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் இருந்து கசிந்து வீட்டுக்குள் சேரும், உடலுக்குக் கேடான கதிரியக்க வாயு. பக்கத்து வீட்டில் அது குறைவு என்பதால் நம் வீட்டிலும் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. தரையின் விரிசல், குழாய் நுழையும் துளை, அடியில் கிடக்கும் பாறை எல்லாமே வீட்டுக்கு வீடு மாறும். அதனால் வீடுவீடாக அளந்தே ஆக வேண்டும்.

மலிவும் வேகமும் கரி டப்பாவுக்குத்தான். 2 முதல் 7 நாள் திறந்து வைத்து, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஆனால் ரேடானின் அரையாயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் காலம், 3.8 நாள். தபால் 8 நாள் இழுத்தால் கரியில் பிடித்ததில் கால்பங்குதான் மிஞ்சும். ஆய்வகம் கணக்கிட்டுத் திருத்தினாலும் பிழை பெருகும். கரி ஈரத்தையும் உறிஞ்சும்; மழைக்காலத்தில் அது ரேடானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தபால் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வரும் ஊருக்கு இது ஒத்துவராது.

தடச்சில் என்பது சிறு கூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு. ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் பட்ட இடத்தில் நுண்தழும்பு விழும்; சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து ஆய்வகத்தில் அவற்றை எண்ணுவார்கள். 3 மாதம் முதல் ஓராண்டு வரை வைக்கலாம். விழுந்த தழும்பு அழியாது, அதனால் தபால் தாமதம் பொருட்டில்லை. ஆனால் எடுத்தவுடன் உறையில் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் எண்ணிக்கை ஏறும். வைத்த தேதியும் எடுத்த தேதியும் எழுத மறந்தால் மூன்று மாதமும் வீண். பலர் தவறுவது இங்கேதான்.

மின்னணு மீட்டர் விலை கூடுதல், ஆனால் ஒன்றை வாங்கிப் பல வீடுகள் சுற்றில் விடலாம். சிறிய கருவி மணிக்குச் சில துகள்களையே பிடிக்கும். முதல் நாள் எண்ணை நம்பாமல் ஒரு வாரமாவது விடுங்கள். வீடு மாறும்போது பழைய சராசரியை அழிக்க மறக்காதீர்கள். ரேடானைக் குறைக்கச் செய்த வேலை பலித்ததா என்று பார்க்க இதற்கு இணை கிடையாது.

சிறிய ஊருக்கு எங்கள் தேர்வு: வீட்டுக்கு ஒரு தடச்சில், ஊருக்குப் பொதுவாக ஒரு மீட்டர். வீடு வாங்குவது போன்ற அவசரத்துக்கு மட்டும் கரி.

எதை வைத்தாலும் இடம் ஒன்றே: ஆட்கள் புழங்கும் அறைகளில் மிகத் தாழ்ந்த தளம், தரையிலிருந்து அரை மீட்டராவது உயரம், வெளிச்சுவரிலிருந்து 30 செ.மீ., சன்னலிலிருந்து 90 செ.மீ. தள்ளி. சமையலறையும் குளியலறையும் வேண்டாம். மண்சுவரை ஒட்டி வைத்தால் தோரான் வாயுவும் (ரேடானின் இன்னொரு வகை) சேர்ந்து கணக்கைக் குழப்பும். சில நாள் சோதனை என்றால் 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களை மூடி வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கெரல்). அந்த அளவுக்குக் குறைக்க முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 148ஐத் தொட்டால் சரிசெய்யச் சொல்வார்கள். கரி டப்பா 120 என்று காட்டினால் உடனே முடிவெடுக்காமல் தடச்சில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்திருக்கும். அதற்கு இந்த மூன்றும் உதவாது, குமிழி இல்லாமல் நிரப்பிய குப்பியைத் தனியாக அனுப்ப வேண்டும்.