நாட்பட்ட தலையிடி: தசைத்தளர்வா, பயோபீட்பேக்கா, சிந்தனைச் சிகிச்சையா?

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகத் தலை இடித்தால் அது நாட்பட்ட தலையிடி. அதைக் குறைக்கப் பழகக்கூடிய மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம். இடி திடீரென்று உச்சத்துக்கு ஏறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் வலுவிழந்தால் பயிற்சி வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எந்த வழிக்கும் முதலில் ஒரு கொப்பி வேண்டும். இடி தொடங்கிய நேரம், படுத்த நேரம், விட்ட சாப்பாடு, குடித்த தேத்தண்ணி, போட்ட குளிசை எல்லாம் எழுதுங்கள். பனடோலை மாதாமாதம் 15 நாள் போட்டுவந்தால் அதுவே தலையிடியைக் கிளப்பும். கோடீன் (அபின் வகை நோமருந்து) கலந்த குளிசையென்றால் மாதத்தில் 10 நாள் போட்டாலே கிளப்பும். அதைக் குறைக்காமல் பயிற்சி பெரிதாக எடுபடாது. குறைப்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தசைத்தளர்வு அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை, காசு செலவில்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து வலக்கை முட்டியை 5 செக்கன் இறுக்கி, 20 தொடக்கம் 30 செக்கன் தளர விடுங்கள். பிறகு மேல்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, கால். ஒரு தரத்துக்கு 15 நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். பலர் மூச்சை அடக்குகிறார்கள். கழுத்தை முழுப் பலத்தோடு இறுக்கி நோவை வரவழைக்கிறார்கள், அரைவாசிப் பலம் போதும். பாயில் படுத்துச் செய்தால் நித்திரை வந்துவிடும். இடி உச்சத்தில் நிற்கும்போது மட்டும் செய்துவிட்டு 'சரிவரேல்லை' என்று விடுவதுதான் பெரிய பிழை. இடியில்லாத நாளிலும் செய்து, ஆறு, எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும்.

பயோபீட்பேக் என்பது உடலின் நிலையைக் கருவியில் பார்த்துப் பார்த்து அதை மாற்றப் பழகுவது. இதில் நெற்றியில் ஒட்டும் மின்வாய் தசை இறுக்கத்தைத் திரையில் காட்டும். தோள் இறுகியிருப்பதே தெரியாதவர்களுக்கு இது நல்லது. ஒற்றைத் தலையிடிக்கு விரலின் வெப்பத்தை ஏற்றப் பழக்குவார்கள். சித்திரை வெக்கையில் விரல் ஏற்கெனவே சூடு. குளிரூட்டிய அறை இல்லாவிட்டால் ஏற்றம் தெரியாது. கருவியும் பயிற்றுநரும் கிடைத்தால் செய்யலாம், தேடி அலையத் தேவையில்லை.

பயமும் நித்திரையின்மையும் சேர்ந்தவர்களுக்குச் சிந்தனைச் சிகிச்சைதான் (நோவைக் கூட்டும் நினைப்பையும் பழக்கத்தையும் சோதித்து மாற்றப் பழக்கும் CBT) எங்கள் முதல் தெரிவு. வழமையாக 6 தொடக்கம் 10 அமர்வு. போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவில் விசாரியுங்கள். 'நல்லூர்க் கோயிலுக்குப் போனால் கட்டாயம் இடிக்கும்' என்ற நினைப்பு போக முன்னரே தோளை இறுக்கும், குளிசையும் போட வைக்கும். கொப்பியைப் புரட்டினால், கோயிலுக்குப் போன ஆறு நாளில் இடித்தது இரண்டு நாள், இரண்டும் மத்தியானம் வரை தண்ணியும் குடிக்காத விரத நாள் என்று இருக்கலாம். அப்போது மாற்ற வேண்டியது விரதம் பிடிக்கும் விதத்தை, கோயிலுக்குப் போவதை அல்ல.