தூக்கா, சாகும்வரை சிறையா?

மரண தண்டனையை எதனோடு ஒப்பிடுவது என்பதிலேயே பாதி விவாதம் தடம் புரண்டுவிடுகிறது. கொலைகாரன் சில வருடத்தில் வெளியே வந்துவிடுவான் என்று வைத்துக்கொண்டால் தூக்குதான் ஜெயிக்கும். அதற்குச் சரியான போட்டி, பரோலும் தண்டனைக் குறைப்பும் இல்லாத சாகும்வரை சிறை.

முதலில் பயம். மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று சொல்ல அதுவரை வந்த ஆய்வுகள் எதுவும் உதவாது என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் சொன்னது. அந்த ஆய்வுகளின் பெரிய ஓட்டை: சிறைத் தண்டனை எவ்வளவு பயமுறுத்தும் என்பதை அவை கணக்கிலேயே எடுக்கவில்லை. கனடா 1976-ல் கொலைக்கான தூக்கை ஒழித்தது. லட்சம் பேருக்கு ஏறக்குறைய 3 ஆக இருந்த கொலை விகிதம் 1990-களின் கடைசியில் 2-க்கும் கீழே இறங்கியது. ஒழித்ததால்தான் குறைந்தது என்பதும் அவசர முடிவு. மரண தண்டனை நீடித்த அமெரிக்காவிலும் 1990-களில் கொலைகள் மளமளவென்று குறைந்தன.

செலவில் சிறைதான் மலிவு என்றால் பலர் நம்புவதில்லை. கலிபோர்னியாவில் 1978 முதல் மரண தண்டனை முறைக்கு ஏறக்குறைய 400 கோடி டாலர் போயிருப்பதாக 2011-ல் ஒரு கணக்கு வந்தது. அதற்குள் நிறைவேறிய தண்டனைகள் 13. பணத்தைத் தின்பது, குற்றவாளியா என்று ஒரு முறையும் என்ன தண்டனை என்று இன்னொரு முறையும் நடக்கும் இரட்டை விசாரணையும் அடுக்கடுக்கான மேல்முறையீடும். அவற்றை வெட்டினால் செலவு குறையும், பிழை கூடும்.

இரண்டும் உண்மையில் பிரிவது அந்தப் பிழையில்தான். லண்டனில் திமோதி எவன்ஸ் ஒரு கொலை வழக்கில் 1950-ல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிரான முக்கிய சாட்சி, அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டில் பெண்களின் சடலங்கள் கிடைத்தன. கிறிஸ்டிதான் தொடர் கொலைகாரன். எவன்ஸுக்கு மன்னிப்பு 1966-ல் வந்தது, வாங்க ஆள் இல்லை. ஜப்பானின் ஹகமாடாவுக்கு 1968-ல் மரண தண்டனை. சான்று, கொலை நடந்து 14 மாதம் கழித்து மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) தொட்டியில் 'கிடைத்த' ரத்தக் கறைத் துணிகள். அத்தனை மாதம் மிசோவில் ஊறினால் கறை கறுத்துப் போகும். அவற்றிலோ சிவப்பு மிச்சமிருந்தது. துணிகள் ஜோடிக்கப்பட்டவை என்று சொல்லி 2024-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கயிறு அவரைத் தொடாமல் இருந்தது வெறும் தாமதத்தால்.

'உயிருக்கு உயிர்' வாதத்தை நான் மட்டமாகப் பார்க்கவில்லை. சில கொலைகளுக்கு எந்தச் சிறையும் ஈடாகாது. ஆனால் அந்த வாதம் குற்றவாளி யார் என்பது ஐயமின்றித் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. நேரில் கண்டவர் ஆளை மாற்றிக் காட்டுவதும் அடித்து வாங்கிய வாக்குமூலமும் அங்கேதான் இடிக்கின்றன.

சிறைப் பக்கமும் சுத்தமில்லை. தூக்கு வழக்கை மேல் நீதிமன்றங்கள் துருவிப் பார்க்கும். ஆயுள் கைதியின் வழக்குக் கோப்பைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. இழக்க ஏதுமில்லாத கைதி காவலர் மீது பாயவும் கூடும். எனவே சிறையைத் தேர்ந்தால், ரத்த மாதிரிகளையும் துணிகளையும் கைதி உயிரோடிருக்கும்வரை அழிக்கக் கூடாது. மறுவிசாரணைக்கு அரசே வக்கீல் தர வேண்டும். அதோடு, நான் முதலில் சொன்ன, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் சிறையே மனிதத்தன்மையற்றது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது; 25 வருடத்துக்குள் ஒரு மறுபரிசீலனை என்ற அளவையும் அதுவே சுட்டிக்காட்டியது.