சில்லறைச் சண்டைக்கு எந்த அகராதி?

பிணக்கு, சச்சரவு, பூசல், தகராறு, லடாய். இவற்றில் எதை எங்கே எழுதுவது என்று குழப்பம் வந்தால் முதலில் புரட்ட வேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் வெளிவந்து, 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்டது. பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. அந்த வாக்கியத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

பலர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அப்போது ஐந்து சொல்லும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாக்கியத்தில் எந்த வினை சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள். தகராறு செய்யலாம், பண்ணலாம். பிணக்கு ஏற்படும், தீரும், அதைச் 'செய்ய' முடியாது. சச்சரவு பெரும்பாலும் சண்டையோடு ஒட்டிக்கொண்டு 'சண்டை சச்சரவு' என்றே வரும். கட்சிக்குள் வெடிப்பது பூசல். அதை லடாய் என்று தலையங்கத்தில் எழுதினால் இடிக்கும். தகராறுக்கு ஆள்கூடத் தேவையில்லை, 'வண்டி தகராறு பண்ணுது' என்கிறோமே!

ஆனால் பெயரிலேயே இருப்பதுபோல இது தற்காலத் தமிழுக்கானது. திருக்குறள் 1306க்கு உரை எழுதும் பரிமேலழகர் துனியை முதிர்ந்த கலாம் என்றும் புலவியை இளைய கலாம் என்றும் பிரிக்கிறார். சண்டையைக் குறிக்கும் இந்தக் 'கலாம்' போன்ற சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான் கைகொடுக்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

தேடும்போது 'பிணங்கினான்' என்று போட்டால் தலைச்சொல்லாகக் கிடைக்காது. வேரை மட்டும், 'பிணங்கு' என்று போட வேண்டும். ஊடுதல், மாறுபடுதல் ஆகியவற்றோடு பின்னிக்கிடத்தல் என்ற பொருளும் அங்கே உண்டு. பிணக்கு ஏன் 'சிக்கல்' போலவே ஒலிக்கிறது என்பது அப்போது விளங்கும். தகராறு அரபியிலிருந்து வந்தது போன்ற தகவலுக்கும் இதுவே இடம்.

லெக்சிகனில் ஒரு பொருளைக் கண்டதும் அப்படியே எடுத்து இன்றைய கட்டுரையில் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மேற்கோள் நூலின் பெயரையும், இடவழக்கு, பேச்சுவழக்கு என்பதைக் காட்டும் ஆங்கிலச் சுருக்கங்களையும் பாருங்கள். மேற்கோள் பழைய இலக்கியத்திலிருந்து மட்டும் இருந்தால், அந்தப் பொருள் க்ரியாவிலும் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.