சேலத்துப் பதிப்பகம் ஒன்றில் என் முதல் தொகுப்பு

என் முதல் சிறுகதைத் தொகுப்பைச் சேலத்திலுள்ள சிறு பதிப்பகம் ஒன்றில் அச்சிட்டேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிகழும் கதையின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பக்க மலை வர்ணனையை நீக்கிவிட்டு, கூலி குறைக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்குமாறு அங்குள்ள பிரதி திருத்துநர் சொன்னபோது என் மனம் ஒப்பவில்லை. ஆனால் திருத்தி வாசித்ததும், பழம் பறிக்கும் பெண்ணின் குரல் முதல் வரியிலேயே கேட்டது. இதற்காகவே அவருக்கு நன்றியுடையேன். மெய்ப்பும் ஒற்றுப்பிழையின்றி அமைந்தது. அட்டை சாதாரணமானதே.

வருத்தம், ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கியதில்தான். அந்த 13 இலக்க எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கட்டண விவரத்தை வரிவரியாகக் கேட்டு, பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.