விண்டோஸ் கீ: பயாஸ், ரெஜிஸ்ட்ரி, ஸ்டிக்கர் மூன்றில் எதை நம்புவது?

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் கம்பெனிகள் கழித்துக் கட்டிய லேப்டாப்பை வாங்கி வரும் டெல்லித் தமிழர்கள், முனிர்கா ஆளானாலும் மயூர் விஹார் ஆளானாலும், கேட்பது ஒரே கேள்விதான்: பார்மட் அடிப்பதற்கு முன்னால் இதிலிருக்கும் விண்டோஸ் கீயை, அதாவது அதை ஆக்டிவேட் பண்ணும் 25 எழுத்து லைசென்ஸ் குறியீட்டை, எப்படி எடுத்து வைப்பது? நான் சொல்வது, கீயைத் தேடுவது அப்புறம், முதலில் அது என்ன வகை லைசென்ஸ் என்று பாருங்கள். பாதி மெஷின்களில் கீயை எடுக்கத் தேவையே இருக்காது, சிலவற்றில் எடுத்தாலும் உதவாது.

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு டிஎல்ஐ என்று முடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் முழுக் கீ இருக்காது, 25 எழுத்தில் கடைசி ஐந்து மட்டும்தான், ஆனால் பக்கத்தில் இருக்கும் சேனல் பெயர்தான் விஷயமே. ஓஇஎம் டிஎம் என்றிருந்தால் லேப்டாப்போடு வந்த லைசென்ஸ், கவலையில்லை. வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் (கம்பெனிகள் மொத்தமாக வாங்கித் தங்கள் சர்வர் வழியே ஆக்டிவேட் பண்ணும் லைசென்ஸ்) என்றிருந்தால் அது பழைய கம்பெனியின் சொத்து, அல்லது யாரோ திருட்டு ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். முறையான கேஎம்எஸ் என்றால் ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும், அதற்குள் அந்தக் கம்பெனியின் சர்வரோடு பேசிப் புதுப்பித்தாக வேண்டும். டிஎல்ஐக்குப் பதில் எக்ஸ்பிஆர் போட்டால் முடியும் தேதியே வரும். கடைக்காரர் ‘ஒரிஜினல் ஹை பையா’ என்று சத்தியம் பண்ணும்போது, அங்கேயே நின்று இதை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசி ஐந்து எழுத்து 3வி66டி அல்லது 8எச்விஎக்ஸ்7 என்று வந்தால் அது டிஜிட்டல் லைசென்ஸ். முன்னது விண்டோஸின் ப்ரோ எடிஷனுக்கு, பின்னது ஹோம் எடிஷனுக்கு, ஊருக்கெல்லாம் பொதுவான கீ. இதைப் பத்திரமாக எழுதி வைத்து என்ன பண்ணுவது, உரிமை மைக்ரோசாப்ட் சர்வரில் உங்கள் ஹார்ட்வேரின் பேரில் பதிவாகியிருக்கிறது. மறுபடி அதே எடிஷனைப் போட்டு, கீ இல்லை என்று சொல்லித் தாண்டி, நெட் கொடுத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

சரி, நிஜமாகவே கீ வேண்டும் என்றால் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸா, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியா? 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்ட் லேப்டாப்களில் கீயை மதர்போர்டு பயாஸிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படிக்க நெட்டில் கிடைக்கும் டபிள்யூமிக் கமாண்ட் புது விண்டோஸ் 11-இல் ஓடாமல் போகலாம், அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விண்டோஸோடு வரும் இன்னொரு கமாண்ட் ஜன்னலான பவர்ஷெல்லில் ஓஏ3எக்ஸ் ஒரிஜினல் ப்ராடக்ட் கீயை (பயாஸ் கீக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்) கேட்டால் வரும். வெறுமையாக வந்தால் பயாஸில் கீ இல்லை, அசெம்பிள் பண்ணிய பிசியில் இது சகஜம்.

ரெஜிஸ்ட்ரியில் இருப்பது இப்போது ஓடும் விண்டோஸின் கீ. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால்தான் எனக்கு ஷோகீபிளஸ் என்ற கருவி பிடிக்கும், பயாஸ் கீ, ஓடும் கீ இரண்டையும் ஒரே ஜன்னலில் காட்டிவிடுகிறது. ப்ரொடியூகீயும் நல்ல கருவிதான், செத்துப்போன லேப்டாப்பின் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டிக்கூடக் கீயைப் படிக்கலாம், ஆனால் ஆன்டிவைரஸ் அதைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். ஒருமுறை பார்ப்பதற்கு பவர்ஷெல்லே போதும் என்பது என் கட்சி.

ஸ்டிக்கர் விண்டோஸ் 7 காலத்துச் சமாசாரம். அங்கே கதை தலைகீழ்: ரெஜிஸ்ட்ரியில் இருப்பது அந்த பிராண்டின் எல்லா மெஷினுக்கும் பொதுவான கீ, அடியில் ஒட்டியதுதான் உங்களுடையது. ஆனால் 7, 8 கீயை வைத்து 10, 11-ஐ ஆக்டிவேட் பண்ணும் வழியை 2023 செப்டம்பரில் மூடுவதாக மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது, அதனால் அழிந்த எழுத்துகளை டார்ச் அடித்துப் படிப்பது இப்போது வீண் வேலை.

ஒரு சிக்கல் மட்டும் பலரைக் குழப்புகிறது. பயாஸில் ஹோம் கீ, ஓடுவதோ டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள ப்ரோ. பார்மட் அடித்தால் செட்டப் பயாஸைப் பார்த்து, உங்களைக் கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். பதற வேண்டாம். நெட்டைத் துண்டித்துவிட்டு, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், 3வி66டி என்று முடியும் பொதுக் கீயைக் கொடுங்கள். ப்ரோவாக மாறி ரீஸ்டார்ட் ஆனதும் நெட்டை இணைத்தால் பழைய லைசென்ஸை அதுவே பிடித்துக்கொள்ளும்.